மாவுக்கட்டுப் போடும் கைக்கும் படிப்பு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பிளஸ் 2 தேர்வு முடிவுகளையொட்டித் தங்கள் நாளிதழில் வெளிவரும் உயர்கல்வி வழிகாட்டிப் பக்கத்தைத் தவறாமல் படித்துவருகிறேன். மருத்துவம் சார்ந்த படிப்புகளைத் தொகுத்துக் கொடுத்திருந்த அன்று, ஆர்த்தோபீடிக் டெக்னீசியன் படிப்புக்கு ஒரே ஒரு வரி ஒதுக்கப்பட்டிருந்தது. அந்த வரியும் ‘எலும்பு முறிவுப் பிரிவில் மருத்துவருக்கு உதவி செய்பவர்’ என்பதோடு முடிந்துவிட்டது. கன்னியாகுமரி மாவட்டத்தில் 31 ஆண்டுகள் அந்த வேலையைச் செய்து ஓய்வுபெற்றவன் நான். பிள்ளைகளை எதில் சேர்ப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கும் பெற்றோருக்கும், இன்றைக்குக் கையிலோ காலிலோ கட்டுடன் வீட்டில் இருப்பவர்களுக்கும் அந்த ஒரு வரியில் அடங்காத சிலவற்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. கடிதம் சற்று நீண்டால் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

படிப்பின் பெயர் ஆர்த்தோபீடிக் டெக்னீசியன். அரசுப் பணியிடத்தின் பெயர் பிளாஸ்டர் டெக்னீசியன். மக்கள் வாயில் ‘மாவுக்கட்டுப் போடுறவரு’. முறிந்த எலும்பை இழுத்துப் பொருத்துவது மருத்துவரின் வேலை. அதில் டெக்னீசியன் தன் விருப்பப்படி கைவைக்கக் கூடாது. பொருத்திய எலும்பு விலகாமல், அதே நேரத்தில் இரத்த ஓட்டமும் நரம்பும் தோலும் கெடாமல், ஆறு வாரமோ எட்டு வாரமோ காத்துக் கொடுக்கும் கூட்டைக் கட்டுவது டெக்னீசியனின் வேலை. அரைக்கட்டாகிய ஸ்லாப், முழுக்கட்டு, குழந்தைகளுக்கு இடுப்பிலிருந்து கால்வரை போடும் ஸ்பைகா கட்டு, தொடை எலும்பு முறிந்தவருக்கு எடை தொங்கவிட்டு இழுத்துவைக்கும் ட்ராக்‌ஷன், அறுவை அரங்கில் நோயாளியைச் சரியான நிலையில் படுக்கவைப்பது, கட்டைப் பிரிப்பது, பிரித்தபின் எப்படி நடக்க வேண்டும் என்று ஊன்றுகோலைக் கையில் கொடுத்துக் காட்டுவது என்று எல்லாம் இதற்குள் வரும். தோலின்மேல் ஒட்டி இழுக்கும் ட்ராக்‌ஷனில் பொதுவாக 5 கிலோவுக்கு மேல் எடை போடக் கூடாது, போட்டால் தோல் உரிந்துவிடும் என்பது போன்ற செய்திகள் ஒவ்வொன்றிலும் உண்டு. அவற்றை ஆண்டுக்கணக்கில் பக்கத்தில் நின்று பார்த்துமட்டும் தெரிந்துகொண்டுவிட முடியாது.

ஒரே ஒரு கட்டை எடுத்துக்கொள்கிறேன். நம் மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் பெய்கிறது. முற்றத்திலும் கிணற்றடியிலும் பாசி பிடிக்கிறது. வயதான ஓர் அம்மா வழுக்கி, கையை ஊன்றி விழுகிறார். மணிக்கட்டுக்குச் சற்று மேலே எலும்பு முறிந்து, கவிழ்த்துவைத்த முள்கரண்டியைப் போல் கை வளைந்துவிடுகிறது. ஊசி போட்டு மரத்தபின் மருத்துவர் இழுத்துச் சேர்க்கிறார். சேர்த்த நிலையில் கையை ஒருவர் பிடித்துக்கொள்கிறார். இப்போது டெக்னீசியனுக்குக் கிடைப்பது சில நிமிடங்களே. முதலில் மெல்லிய உறைத்துணி, அதன்மேல் பஞ்சுச் சுருள். பஞ்சு குறைந்தால் எலும்பு துருத்தும் இடங்களில் புண் வரும். கூடினால் இரண்டு நாளில் கட்டு தொளதொளத்துப் பொருத்திய எலும்பு மறுபடியும் விலகும். பிளாஸ்டர் சுருளைத் தண்ணீரில் அமிழ்த்திக் குமிழி நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். எடுத்தபின் துணி பிழிவதைப் போல் முறுக்காமல், இரண்டு முனையிலும் பிடித்து நடுவை நோக்கி மெதுவாக அழுத்தினால்தான் மாவு வெளியே ஓடாது. முந்தைய சுற்றில் பாதியை அடுத்த சுற்று மூட வேண்டும். சுருளை இழுத்துச் சுற்றக் கூடாது. கையின்மேல் உருட்டிவிட வேண்டும். கட்டு முன்னால் உள்ளங்கை ரேகைக்குக் கீழேயே நின்று, விரல்கள் ஐந்தும் கட்டைவிரலின் அடியும் மடங்கி நிமிர இடம் விட வேண்டும். விரல் கணு மூடும்படி கட்டினால் ஆறு வாரம் கழித்து எலும்பு கூடியிருக்கும், ஆனால் அந்த அம்மாவால் சோறு பிசைய முடியாது.

தண்ணீரின் சூட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜிப்சத்தைச் சூடாக்கி அதிலுள்ள நீரின் பெரும்பகுதியை வெளியேற்றினால் கிடைப்பதுதான் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். மீண்டும் நீர் பட்டதும் அது பழைய ஜிப்சமாக இறுகுகிறது. இறுகும்போது வெப்பத்தை வெளிவிடுகிறது. கட்டு சீக்கிரம் இறுகட்டும் என்று வெந்நீரில் நனைத்தால் உள்ளே வெப்பம் கூடித் தோல் வெந்துபோகும். ஈரக்கட்டை ரெக்சின் தலையணைமேல் வைத்தாலும் வெப்பம் வெளியேற வழியிருக்காது. நோயாளி ‘சுடுது’ என்று சொல்வதை ‘அப்படித்தாம்மா இருக்கும்’ என்று தள்ளிவிடக் கூடிய அளவு எது, உடனே கவனிக்க வேண்டிய அளவு எது என்று தெரிந்திருக்க வேண்டும்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டில் செய்த பிழை ஒன்றை இங்கே எழுதுகிறேன். ஈரக்கட்டை உள்ளங்கையால் ஏந்த வேண்டும், விரல்நுனியால் பிடிக்கக் கூடாது என்று படித்திருந்தேன். ஆனாலும் ஒரு ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளியின் காலைத் தூக்கும்போது என் கட்டைவிரல் குதிகாலருகே அழுந்திவிட்டது. வெளியே பார்த்தால் சின்னப் பள்ளம், கண்ணுக்கே தெரியவில்லை. மூன்று வாரம் கழித்துக் கட்டைப் பிரித்தபோது அதே இடத்தில், என் விரல் அளவுக்கே, புண் இருந்தது. அது ஆற ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. அந்த ஒரு மாதமும் அவருக்குக் கூலி இல்லை. அவர் என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. அதன்பிறகு ஓய்வுபெறும் நாள்வரை, ஈரக்கட்டைத் தொடும் ஒவ்வொரு முறையும் அந்தப் புண் எனக்கு நினைவுக்கு வந்தது.

படித்தவன் கையிலேயே இப்படி நேரும் என்றால், படிக்காதவர் கையில் என்ன நேரும் என்பதை என் குடும்பத்திலேயே பார்த்தேன். என் அக்காள் மகன் ஏழு வயதில் அயனி மரத்திலிருந்து விழுந்து முழங்கைக்கு மேலே எலும்பு முறிந்தது. சிறுவர்களுக்கு அந்த இடத்தில் முறிவு வந்தால் வீக்கம் வேகமாக ஏறும். எலும்பை ஒட்டியே கைக்குச் செல்லும் இரத்தக்குழாய் இருக்கிறது. முதல் இரண்டு மூன்று நாளுக்கு வீக்கத்துக்கு இடம் கொடுக்கும் அரைக்கட்டே போடுவது வழக்கம். அவனை அழைத்துச்சென்ற தனியார் மருத்துவமனையில், மருத்துவர் வேறோர் அறுவையில் இருந்ததால், வார்டு உதவியாளர் ஒருவர் அன்று மாலையே சுற்றிலும் முழுக்கட்டுப் போட்டுவிட்டார். இரவு முழுவதும் பையன் அழுதிருக்கிறான். கட்டுப் போட்டால் வலிக்கத்தான் செய்யும் என்று சொல்லி வலிமருந்து கொடுத்திருக்கிறார்கள். விடியற்காலை அக்காள் எனக்குப் போன் செய்து, விரலை யாராவது நிமிர்த்தினால் துடிக்கிறான் என்று சொன்ன அந்த நொடியிலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

விரலைப் பிறர் நிமிர்த்தும்போது தாங்க முடியாத வலி என்பது, தசைக்குள் அழுத்தம் ஏறி இரத்தம் நின்றுகொண்டிருக்கிறது என்பதன் அடையாளம். நாடித்துடிப்பு கிடைக்கிறதே என்று அந்த நேரத்தில் ஏமாந்துவிடக் கூடாது. நாடி நிற்பது மிகவும் பிந்தித்தான். ஏறத்தாழ ஆறு மணி நேரம் இந்த நிலை நீடித்தால் தசை இறக்கத் தொடங்கும். இறந்த தசை நாராகச் சுருங்கிக் கையைக் கழுகின் நகம்போல் மடக்கிவிடும். ஜெர்மானிய அறுவை மருத்துவர் ரிச்சர்ட் வோன் ஃபோல்க்மான் இதை 1881-ஆம் ஆண்டிலேயே விளக்கி எழுதினார். இன்றும் அது அவர் பெயராலேயே அறியப்படுகிறது. நான் போன் செய்து வற்புறுத்தியபின் கட்டை வெட்டினார்கள். வெட்டியதும் சரியாக வெட்டப்படவில்லை: மேலே பிளாஸ்டரை மட்டும் பிளந்துவிட்டு, உள்ளே இரத்தம் உறைந்து கயிறாக இறுகியிருந்த பஞ்சை அப்படியே விட்டிருந்தார்கள். தோல் தெரியும்வரை பிளக்க வேண்டும் என்பது இந்தப் படிப்பில் கற்றுக்கொடுக்கப்படும் அடிப்படைப் பாடம். நான் போய்ச் சேர்ந்த பிறகுதான் பஞ்சும் வெட்டப்பட்டது. கை பிழைத்தது. ஆனால் இன்று இளைஞனாகிவிட்ட அவனுக்கு மோதிரவிரலும் சுண்டுவிரலும் முழுவதும் நிமிர்வதில்லை. அந்த உதவியாளரை நான் குறைசொல்ல மாட்டேன். அவருக்கு யாரும் எதையும் கற்றுக்கொடுக்கவில்லை. அவர் செய்ததைச் செய்யச் சொல்லி அவரிடம் ஒப்படைத்தார்கள்.

கட்டுக்கட்டும் கலை நம் ஊருக்குப் புதியதில்லை. வர்ம வைத்தியம் செய்யும் ஆசான்மாரின் மண் இது. களரியிலும் மரமேற்றத்திலும் விழுந்தவர்களுக்கு முறிவெண்ணெய் ஊற்றி, மூங்கில் பத்தை வைத்து, துணி சுற்றி எத்தனையோ பேரை நடக்கவைத்திருக்கிறார்கள். கட்டைச் சில நாளுக்கு ஒருமுறை அவிழ்த்துப் பார்த்து மாற்றுவது அவர்களுடைய நல்ல வழக்கம். பல மருத்துவமனைகளில் இன்று அந்த மறுபார்வைதான் குறைந்துபோயிருக்கிறது. ஆனால் எக்ஸ்ரே இல்லாமல் முறிவின் கோணத்தைக் கையால் தடவி மட்டும் சொல்ல முடியாது. பத்தையை இறுக்கிக் கட்டியதால் விரல் கறுத்துவந்த நோயாளிகளையும் நான் பார்த்திருக்கிறேன். தொடை முறிவுக்கு உலகெங்கும் பயன்படும் தாமஸ் ஸ்பிளிண்ட் என்ற தாங்குசட்டத்தை உருவாக்கிய ஹ்யூ ஓவன் தாமஸ், வேல்ஸ் நாட்டில் பரம்பரையாக எலும்பு முறிவுக்குக் கட்டுக்கட்டிவந்த குடும்பத்தில் பிறந்தவர். கைப்பழக்கத்தை வீட்டில் பெற்றுக்கொண்டு, பிறகு மருத்துவம் படித்தார். அவரிடம் தொழில் பயின்ற ராபர்ட் ஜோன்ஸ் முதல் உலகப்போரில் அந்த ஸ்பிளிண்ட்டைப் பரவலாகப் பயன்படுத்தச் செய்தபோது, தொடை எலும்பு உடைந்த வீரர்களில் ஏறத்தாழ 80 விழுக்காடாக இருந்த இறப்பு 20 விழுக்காடு அளவுக்குக் குறைந்தது. மாவுக்கட்டும் இப்படி வந்ததே. டச்சுப் படையின் மருத்துவர் அந்தோனியஸ் மதைசன் 1851-ஆம் ஆண்டு, போரில் காயம்பட்டவர்களை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுசெல்வதற்காகத் துணியில் பிளாஸ்டர் மாவைத் தேய்த்துச் சுருட்டிவைக்கும் முறையைக் கண்டார். ஆசான்மார் குடும்பங்களிலிருந்து பிள்ளைகள் இந்தப் படிப்புக்கு வர வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

முறிவு மட்டுமே இந்த வேலை என்று எண்ணிவிட வேண்டாம். பிறவியிலேயே பாதம் உள்நோக்கி வளைந்து பிறக்கும் குழந்தைகளுக்கு, பொன்செட்டி முறையில் வாரம் ஒரு கட்டாக ஐந்தாறு கட்டுகள் போட்டுப் பாதத்தைச் சிறிது சிறிதாகத் திருப்புகிறார்கள். பிறகு பெரும்பாலான குழந்தைகளுக்குக் குதிகால் நாணில் சிறிய வெட்டு, அதன்பின் சிறப்புக் காலணி. முதல் மூன்று மாதம் ஒரு நாளில் 23 மணி நேரம், பிறகு நான்கைந்து வயதுவரை இரவில் மட்டும் அணிய வேண்டும். அழும் பச்சைக் குழந்தையின் கால், என் உள்ளங்கையைவிடச் சிறியது, அதில் தொடைவரை கட்டு வர வேண்டும். தாய் பாலூட்டிக்கொண்டிருக்கும்போதே கட்டிமுடித்துவிட வேண்டும். அந்தக் குழந்தைகளில் ஒன்று பின்னாளில் பள்ளிச் சீருடையில் ஓடிவருவதைப் பார்த்தவனுக்கு இந்தத் தொழிலின் மதிப்பை யாரும் எடுத்துச்சொல்ல வேண்டியதில்லை.

இனி, நம் மாவட்டத்துக்கே உரிய ஒரு சங்கடம். இடவப்பாதி என்று நாங்கள் சொல்லும் தென்மேற்குப் பருவமழைக்காலத்தில் காற்றில் ஈரம் நிறைந்திருக்கும். வெளிமாவட்டத்தில் ஒன்றிரண்டு நாளில் காயும் கால்கட்டு இங்கே மூன்று நாளானாலும் உள்ளுக்குள் ஈரமாகவே இருக்கும். காயாத கட்டை ஊன்றி நடந்தால் உடைந்துவிடும். உறை பிரித்த பிளாஸ்டர் சுருளை ஈரச்சுவரோரம் வைத்திருந்தால், காற்றிலுள்ள ஈரத்தையே குடித்து, பயன்படுத்தும்போது இறுகாமல் பொடிப்பொடியாக உதிரும். கட்டு சரியில்லை என்று நோயாளி திரும்பிவரும்போது, தவறு அறையின் அலமாரியில் இருக்கிறது என்று கண்டுபிடிக்கவும் பயிற்சி வேண்டும். இந்தக் காரணத்தாலேயே பைபர் கட்டு இப்போது பரவிவருகிறது. அது எடை குறைவு, சீக்கிரம் இறுகும். ஆனால் வீக்கம் ஏறும் முதல் நாள்களில் அது பிளாஸ்டரைப்போல் விட்டுக்கொடுக்காது. விலை கூடியதெல்லாம் எப்போதும் சிறந்தது என்று நோயாளிகள் கேட்டு வாங்குவது சரியில்லை.

தகுதிக்கு வருகிறேன். பிளஸ் 2 முடித்தவர்களுக்கு, அரசு மருத்துவக் கல்லூரிகளில் மருத்துவக் கல்வி இயக்ககத்தின் கீழ் ஓராண்டுச் சான்றிதழ்ப் படிப்பாக இது நடத்தப்படுகிறது. அரசுப் பணியிடங்களுக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் ஆள் எடுக்கிறது. செயற்கைக் கால், கை செய்து பொருத்துபவர் வேறு. அது நான்கரை ஆண்டுப் பட்டப்படிப்பு, 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவுசெய்ய வேண்டியது. பிசியோதெரபிஸ்ட் வேறு. இந்த மூன்றையும் குழப்பிக்கொண்டு, வேறேதோ பெயரிட்ட சான்றிதழுக்கு ஏராளமான பணம் கட்டிவிட்டு வேலை கிடைக்காமல் என் வீட்டுக்கு வந்த பிள்ளைகள் உண்டு. சேரும் முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள் என்றே அவர்களின் பெற்றோரிடம் சொல்வேன்: சான்றிதழை வழங்குவது யார், அது அரசுத் தேர்வுக்கு ஏற்கப்படுமா, பயிற்சி நடப்பது உண்மையான எலும்பு முறிவுப் பிரிவிலா, பொம்மைக் கையிலா? துணைமருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் 2021-இல் வந்துவிட்டது. தொழில்புரிவோருக்கு மத்திய, மாநிலப் பதிவேடுகள் இருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. மாவுக்கட்டுப் போடுகிறவரும் அந்த ஒழுங்குக்குள் வருவதை அரசு உறுதிசெய்ய வேண்டும்.

ஆறு வட்டங்கள் கொண்ட சிறிய மாவட்டம் இது. ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் பேச்சிப்பாறை மலையடிவாரத்திலிருந்தும் தூத்தூர்க் கடற்கரையிலிருந்தும் முறிந்த எலும்போடு வருகிறவர் எத்தனை மேடுபள்ளம் குலுங்கி வர வேண்டும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். வழியிலுள்ள வட்ட மருத்துவமனையிலேயே, இரவிலும், பயிற்சிபெற்ற ஒருவர் சரியான ஸ்லாப் போட்டு அனுப்பினால் பாதி வலியும் பாதி ஆபத்தும் அங்கேயே குறையும். எனவே ஒவ்வொரு வட்ட மருத்துவமனையிலும் இரவுப்பணிக்கும் சேர்த்து பிளாஸ்டர் டெக்னீசியன் பணியிடங்களை உருவாக்கி நிரப்ப வேண்டும் என்றும், தனியார் மருத்துவமனைகளுக்கு அனுமதி புதுப்பிக்கும்போது கட்டுப் போடுகிறவரின் சான்றிதழையும் கேட்க வேண்டும் என்றும் மாவட்ட நிர்வாகத்தைத் தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

அவை நடக்க நாளாகலாம். நாளைக்கே செய்யக்கூடியது ஒன்று உண்டு. கட்டுப் போட்டு வீட்டுக்கு அனுப்பும் ஒவ்வொருவர் கையிலும் தமிழில் அச்சிட்ட ஒரு துண்டுச்சீட்டைக் கொடுக்கலாம். நான் வேலையில் இருந்தபோது நோயாளிகளிடம் வாய்மொழியாகச் சொல்லிவந்ததையே சீட்டாக எழுதிப் பார்த்தேன்: ‘கட்டுப் போட்ட கையையோ காலையோ முதல் மூன்று நாள் நெஞ்சுக்கு மேலே உயர்த்திவையுங்கள். விரல்களை மணிக்கொரு தடவை அசையுங்கள். விரல் வெளுத்தாலோ நீலம் பாரித்தாலோ, மரத்தாலோ, மருந்துக்கும் அடங்காமல் வலி கூடினாலோ, வேறொருவர் விரலை நிமிர்த்தும்போது வலி தாங்க முடியாவிட்டாலோ, கட்டுக்குள்ளிருந்து நாற்றம் வந்தாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே வாருங்கள். அரிக்கிறதென்று குச்சியோ ஈர்க்கிலோ உள்ளே விடாதீர்கள். கட்டை நனைக்காதீர்கள், நீங்களே வெட்டாதீர்கள்.’ எந்த மருத்துவமனையும் இதை அப்படியே அச்சிட்டுக்கொள்ளலாம். என் பெயரைப் போட வேண்டியதில்லை.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற பிளாஸ்டர் டெக்னீசியன்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.